மகள் ஓட்டும் பேருந்து

பிப்ரவரி 8, வியாழன். ஆக்லாந்து

மேகலா பஸ் ஓட்டுகிறாள். நியூசிலாந்தில் டூரிஸ்ட் கம்பெனியில் வேலை என்று கோபிச்செட்டிபாளையம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். கம்பெனி என்றால் கண்ணாடிக் கதவு, மேஜை, ஏசி என்று நானாக நினைத்துக்கொண்டது. இன்று காலை ஒரு பச்சை பஸ்ஸின் டிரைவர் சீட்டிலிருந்து அரை டிராயருடன் இறங்கி வந்து, என் பெட்டியைத் தூக்கி அடியில் தள்ளி, "ஏறு" என்றாள். ஒற்றைப் பெண். எம்.எஸ்சி. படித்தவள்.

லீவு கிடைக்கவில்லையாம். அதனால் என்னையும் பஸ்ஸிலேயே ஏற்றிவிட்டாள். எட்டு நாள், வடக்குத் தீவில் ஒரு சுற்று. கூட வருகிறவர்கள் இருபத்தாறு பேர், எல்லாம் இருபது இருபத்தைந்து வயது, முதுகில் ஆளை விடப் பெரிய மூட்டை. கயிறு கட்டிக் குதிக்கப் போகிறார்களாம், குகைக்குள் ரப்பர் வளையத்தில் மிதக்கப் போகிறார்களாம். அறுபத்து மூன்று வயதில் நான் இவர்களோடு. ஒருத்தி என்னைப் பார்த்து, துணிச்சலான ஆள் என்றாள். துணிச்சல் என்ன துணிச்சல், வேறு வழியில்லை.

நான் ஊர் சுற்ற வரவில்லை. பதினாறாம் தேதி விமானத்தில் இரண்டு டிக்கெட் போட்டிருக்கிறேன், ஒன்று எனக்கு, ஒன்று மேகலாவுக்கு. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. அத்தனை பெரிய வீட்டில் நான் ஒருத்தி எத்தனை நாள் டிவியோடு பேசிக்கொண்டிருப்பது? இவளைக் கூட்டிக்கொண்டு போகாமல் திரும்புவதில்லை.

ஏர்போர்ட்டில் கொள்ளுப்பொடியையும் தேன் புட்டியையும் பிடுங்கிக்கொண்டார்கள். தேன் அவருக்குத் தெரிந்தவர் கொல்லிமலையிலிருந்து கொடுத்தனுப்பியது. குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுச் சிரிக்கிறான்.

பிப்ரவரி 9, வெள்ளி. ஒரு கடற்கரை

இங்கே அலை உள்வாங்கும் நேரம் பார்த்து மணலைத் தோண்டினால் அடியிலிருந்து வெந்நீர் ஊறி வருகிறது. மண்வெட்டி வாடகைக்குத் தருகிறார்கள். அத்தனை பேரும் ஆளுக்கொரு குழி தோண்டி, துணி என்று சொல்ல முடியாத துணியில், அதற்குள் படுத்துக் கிடந்தார்கள். நான் புடவையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக் காலை மட்டும் விட்டேன். சுகமாகத்தான் இருந்தது. முழங்கால் வலிக்கு இதமாக இருந்தது என்று எழுதத்தான் வேண்டும்.

பக்கத்துக் குழியில் நோரா. அயர்லாந்துப் பெண், நர்ஸ், ஒரு வருஷம் வேலையை விட்டுவிட்டு ஊர் சுற்றுகிறாள். துருவித் துருவிக் கேட்கிறாள். கணவர் எப்படி இறந்தார் என்றாள். மாரடைப்பு, ஒன்பது நாள் ஆஸ்பத்திரி, நினைவு திரும்பவே இல்லை என்றேன். ஒன்பது நாளுமா என்று திரும்பக் கேட்டாள். ஆமாம் என்றேன். எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வது.

மேகலா எந்நேரமும் போனைக் கையிலேயே வைத்திருக்கிறாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் போனைத் தூக்கிப் பார்க்கிறாள். டவர் இல்லையென்றால் நாலு அடி அந்தப் பக்கம் நடக்கிறாள். கக்கூசுக்குப் போனால்கூட கையோடு போகிறது. யாரோ ஒருத்தன் இருக்கிறான். எனக்குத் தெரியாதா?

பிப்ரவரி 10, சனி

நாள் முழுக்க மழை, நாள் முழுக்கப் பஸ். விடுதிச் சமையலறையில் ரவை உப்புமா கிண்டினேன். நாலு ஜெர்மன்காரப் பையன்கள் தட்டை நீட்டினார்கள், வயிறாரச் சாப்பிட்டார்கள். காபிதான் வாயில் வைக்க விளங்கவில்லை. ஆஸ்பத்திரிக் காபி இப்படித்தான் இருந்தது. அவர் ஒரு மிடறு குடித்துவிட்டு, இதுக்குச் சுடுதண்ணியே தேவலை என்று டம்ளரைத் தள்ளி வைத்தார்.

பிப்ரவரி 11, ஞாயிறு. வைட்டோமோ குகை

சின்னஞ்சிறுசுகள் எல்லாம் ரப்பர் உடுப்பு மாட்டிக்கொண்டு குகைத் தண்ணீருக்குள் குதிக்கப் போய்விட்டார்கள். எனக்குப் படகு. மேகலா என்னோடு வந்தாள். உள்ளே பேசக் கூடாது. படகோட்டி மேலே கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்து இழுத்து இழுத்துப் படகை நகர்த்துகிறான், துடுப்புச் சத்தம்கூட இல்லை. தலைக்கு மேலே பாறை முழுக்கப் புழுக்கள், ஒவ்வொன்றும் நீலமாக மினுக்குகிறது. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. பக்கத்தில் மகள் இருந்தாள், பேசவும் வேண்டியதில்லை. இந்த ஊரில் எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் டிக்கெட்டைக் காட்டினேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். படவில்லை. மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"அம்மா, ஒண்ணு மட்டும் கேக்கறேன். அப்பா கடைசியா என்ன சொன்னாங்க?"

"நெனவே இல்லன்னு எத்தனை தடவை சொல்றது கண்ணு."

"ஒரு வார்த்தைகூடவா?"

"ஒரு வார்த்தைகூட இல்ல."

அதற்குப் பிறகு அவள் டிக்கெட்டைப் பற்றிப் பேசவில்லை. இதைத் தெரிந்துகொண்டால் ஊருக்கு வர மனசு வரும் என்றாள். தெரியாமல் அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாதாம்.

அப்பா, அப்பா. அவர்தான் இவளைக் கெடுத்தது. ஏழு வருஷத்துக்கு முன்பு, தாராபுரத்துச் சம்பந்தம் நிச்சயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, அவரே காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கோயம்புத்தூரில் விமானம் ஏற்றிவிட்டு, வரும் வழியில் எனக்கு அரைக் கிலோ மைசூர்பா வாங்கிக்கொண்டு வந்தார். அந்த மைசூர்பாவை நான் இன்று வரை மறக்கவில்லை. சொந்தபந்தம், ஒறம்பரை எல்லாருக்கும் பதில் சொன்னது யார்? நான். தாராபுரத்துக்காரர்கள் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டது யார்? நான். அவர்கள் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை போனில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் அடுப்படியில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 12, திங்கள். டௌபோ

நூற்றைம்பது அடி உயரத்திலிருந்து காலில் கயிறு கட்டி ஆற்றுக்குள் குதிக்கிறார்கள். குதிக்கும் முன் ஒரு காகிதம் நீட்டுகிறார்கள், செத்தால் எங்களைக் கேட்கக் கூடாது என்று. படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். நோரா குதித்தாள். தலை ஆற்றில் நனைந்து மேலே வந்தது. கீழே படகில் பிடித்து இறக்கினார்கள், அழுகிறாள், சிரிக்கிறாள். நான் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெற்றவள் பார்த்தால் பொறுப்பாளா?

ஏரிக்கு அக்கட்டால மூன்று மலை தெரிகிறது, ஒன்றின் தலையில் கொஞ்சம் பனி. மேகலா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். முன்பு தெற்குத் தீவில் மலைக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிற வேலையில்தான் இருந்தாள். பத்துப் பத்து நாள் நடை. ராத்திரி கூடாரம். அப்பாவுக்குப் படம் படமாக அனுப்புவாள், அவர் அதைப் பால்காரரிடம்கூடக் காட்டுவார். அந்த வேலையை ஏன் விட்டாய் என்று கேட்டேன். இப்பல்லாம் மலைக்குப் போறதில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறிவிட்டாள். நல்லதுதான். பொம்பளைப் பிள்ளைக்கு மலையில் என்ன வேலை.

பிப்ரவரி 13, செவ்வாய். ரோட்டருவா

ஊருக்குள் நுழையும்போதே அழுகிய முட்டை நாற்றம். தரையிலிருந்து புகை வருகிறது. சாக்கடை மூடி ஓரத்தில்கூட ஆவி. இந்த நாற்றத்தில்தான் மேகலாவின் ஆள் இருக்கிறான்.

பெயர் ஹேமி. மாவோரி. நல்ல உயரம், நல்ல பாரம், ஆற்றில் ரப்பர் படகு விடுகிற வேலை. மேகலா பஸ்ஸை நிறுத்தியதும் வந்தான். இரண்டு பேரும் நெற்றியையும் மூக்கையும் ஒட்டவைத்துக் கண்ணை மூடி நின்றார்கள், இருபத்தாறு பேர் முன்னால், நான் பெற்றவள் நிற்கிறேன் என்றும் இல்லாமல். பிறகு என் பக்கம் திரும்பிக் குனிந்தான். நான் முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவன் நிமிர்ந்து, பரவாயில்லை என்பதுபோலச் சிரித்துவிட்டுப் போய்விட்டான். மேகலா முகம் சிறுத்துப்போனது. அது முத்தமில்லை, மூச்சைப் பகிர்ந்துகொள்வது, இந்த ஜனங்களுக்கு வணக்கம் மாதிரி என்றாள். எனக்கு எப்படித் தெரியும்? வணக்கம் என்றால் கைகூப்பத்தான் எனக்குத் தெரியும். இரண்டு வருஷமாக ஒன்றாக இருக்கிறார்களாம். அவருக்கும் தெரியுமாம். எனக்கு மட்டும் தெரியாது.

சாயங்காலம் ஒரு கூத்து நடந்தது. பெரிய பிளாஸ்டிக் பந்துக்குள் ஆளைப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரும் ஊற்றி, மலைச் சரிவில் உருட்டிவிடுகிறார்கள். நான் கோபத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். மேகலா வந்து கையைப் பிடித்து இழுத்தாள். சுரிதார் மாட்டிக்கொண்டு போனேன். உள்ளே இரண்டு பேரும் உருண்டோம். எது தலை எது கால் என்று தெரியவில்லை. என் முழங்கை அவள் வயிற்றில், அவள் தலைமயிர் என் வாயில். நான் கத்தினேன், அவள் சிரித்தாள், பிறகு நானும் சிரித்துவிட்டேன். கடைசியாக நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அவள் பத்தாவது படிக்கும்போது.

நனைந்த துணியோடு புல்லில் கிடந்தபோது அவளாகவே சொன்னாள்: "சரிம்மா, வர்றேன். ரெண்டு மாசம் உன்கூட இருந்துட்டு வர்றேன்."

ரெண்டு மாசம் என்றால் ஆறு மாசம் ஆக்கிவிடுவேன். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இன்று நன்றாகத் தூங்குவேன்.

பிப்ரவரி 14, புதன். ஹேமியின் ஊர், கடலோரம்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பஸ் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை இங்கே வந்து ஒரு ராத்திரி தங்கும். இது ஹேமியின் வம்சத்துக்குச் சொந்தமான இடம். மராய் என்கிறார்கள். ஒரு பெரிய புல்வெளி, அதன் முன்னால் செதுக்கு வேலை செய்த சிவப்பு மரவீடு. புதிதாக வருகிறவர்கள் வாசலில் நிற்க வேண்டும். உள்ளேயிருந்து ஒரு பெண் குரலெடுத்துக் கூப்பிட்டால்தான் நடக்கலாம். கூப்பிட்டவள் ஹேமியின் பெரியம்மா மெரே. எல்லாருக்கும் ஆன்ட்டி மெரே. வருகிறவர்களை மட்டும் கூப்பிடுவதில்லையாம், அவர்கள் கூட்டிக்கொண்டு வருகிற செத்தவர்களையும் சேர்த்துத்தான் கூப்பிடுகிறார்களாம். இதை மேகலா பஸ்ஸிலேயே மைக்கில் சொல்லியிருந்தாள். நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

ஒரு பக்கம் வீட்டுக்காரர்கள், எதிர்ப் பக்கம் ஒறம்பரை, வந்த விருந்தாளிகள். எங்களை ஒறம்பரைப் பக்கம் உட்கார வைத்தார்கள். மேகலா வாசல் வரை எங்களோடு வந்தவள், சுற்றிப் போய் அந்தப் பக்கம் ஹேமிக்கு அருகில் உட்கார்ந்தாள். எதிரே உட்கார்ந்து என்னைப் பார்க்கிறாள். நான் ஒறம்பரை, என் மகள் வீட்டுக்காரி.

ஒருவர் எழுந்து பேசி முடித்தால், அவர் பக்கத்து ஆட்கள் எழுந்து நின்று ஒரு பாட்டுப் பாட வேண்டும். பாட்டில்லாமல் பேச்சை அப்படியே விடக் கூடாது, பேசினவரைத் தனியாக நிற்க வைத்த மாதிரி ஆகிவிடும். எங்களுக்கும் மேகலா பஸ்ஸில் ஒரு மாவோரிப் பாட்டுச் சொல்லிக்கொடுத்திருந்தாள். எங்கள் சார்பில் ஒரு ஜெர்மன் பையன் பேசினான், எல்லாரும் எழுந்து பாடினார்கள். நானும் வாயசைத்தேன். பிறகு வரிசையாக நின்று முப்பது நாற்பது பேரோடு மூக்கைத் தொட்டேன். இந்தத் தடவை பின்வாங்கவில்லை. ஹேமியோடும் தொட்டேன்.

செருப்பைக் கழற்றிவிட்டுப் பெரிய வீட்டுக்குள் போனோம். உள்ளே பின்சுவர் முழுக்க இறந்தவர்களின் போட்டோ. தலைமுறை தலைமுறையாக. கடைசி வரிசையில், பட்டாளத்து உடுப்பில் ஒரு கிழவருக்கும் தலையில் பூவைத்த ஒரு பெண்ணுக்கும் நடுவில், அவர் இருந்தார். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் பேனா. ரேஷன் கார்டுக்கு எடுத்த படம்.

மேகலா நேராகப் போனாள். கண்ணாடியில் நெற்றியையும் மூக்கையும் வைத்தாள். தமிழில் சொன்னாள்: "வந்துட்டேங்கப்பா. மன்னிச்சுக்கோங்கப்பா, அன்னிக்கு என்னால போன் எடுக்க முடியல."

சொல்லிவிட்டு மெத்தைகளை விரிக்கப் போய்விட்டாள். தலையணை மேல் உட்காரக் கூடாது என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆன்ட்டி மெரேதான் என்னை உட்கார வைத்துச் சொன்னார். ஒவ்வொரு தடவை வரும்போதும் மேகலா படத்திலிருக்கும் அவரிடம் இப்படித்தான் சொல்வாளாம். என்ன சொல்கிறாள் என்று இங்கே யாருக்கும் புரியாது, அழுகை மட்டும் புரியும் என்றார். போன ஈஸ்டருக்கு மேகலா இந்தப் படத்தைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலில் வந்து நின்றாளாம். அப்பாவை அழ எனக்கு இடமில்லை என்றாளாம். இறந்து மாதக்கணக்கானாலும் படத்தைக் கொண்டுவந்து அழுவது இவர்கள் வழக்கம். இவர் படத்தைப் பாயில் சார்த்தி வைத்து, ஊர் ஜனம் மொத்தமும் சுற்றி உட்கார்ந்து, ஒரு பகல் முழுக்க அழுதார்களாம். இங்கே ஒரு சாவு என்றால் மூன்று நாள் உடம்பைத் தனியாக விடமாட்டார்களாம். பிள்ளை எங்கே இருந்தாலும் வந்து சேரும் வரை காத்திருப்பார்களாம்.

அப்புறம் இன்னொன்றும் சொன்னார். மேகலா மலையை அவ்வளவு நேசித்தாள், டவர் கிடைக்காத இடத்துக்கு இனிப் போவதில்லை என்று அந்த வேலையை விட்டுவிட்டாள், பஸ் ஓட்டுகிறாள் என்றார். கையில் போனை வைத்துக்கொண்டே அலைவது அதனால்தான்.

நான் தண்ணீர் வேண்டும் என்று கேட்டேன்.

பிப்ரவரி 15, வியாழன். அதே இடம், பிறகு பஸ்

காலைச் சாப்பாடு முடிந்ததும் விடைபெறும் பேச்சு. வந்தவர்கள் யாராவது நன்றி சொல்ல வேண்டும். ஆன்ட்டி மெரே என்னைக் காட்டினார். உன் வீட்டுக்காரர் இங்கே இருக்கிறார், நீ வந்திருக்கிறாய், அவரிடம் பேசு, உன் பாஷையிலேயே பேசு என்றார். இங்கே செத்தவர்களிடம் நேருக்கு நேர் பேசலாம், திட்டக்கூடச் செய்யலாம் என்றார்.

இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்றுதான் எழுந்தேன். உங்கள் பெண்ணை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்ல நினைத்தேன். படத்தின் முன்னால் போய் நின்றேன். கண்ணாடியில் மேகலா மூக்கு வைத்த இடம் மங்கலாக இருந்தது.

"ஏனுங், சௌந்தரம் வந்திருக்கறனுங். உங்க புள்ள உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறா. அவ கேக்க வேண்டியதில்லைங். நான் அவளுக்கு போனே பண்ணலைங். ஒம்பது நாளும் பண்ணலைங். நீங்க கேக்கறப்பெல்லாம் போனைக் காதுல வெச்சுட்டு, எடுக்கலீங்கன்னு சொன்னேன். ஒறம்பரைகிட்டயெல்லாம் அவ வரமாட்டேன்னுட்டான்னு சொன்னேன். அவ மலையில இருந்தது எனக்குத் தெரியாதுங். அவளே சொன்னதுக்கு அப்புறம், கூப்பிட்டேன், டவர் இல்லைன்னு அதையே புடிச்சுக்கிட்டேன்."

முப்பத்து நாலு வருஷம் ஈரோடு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள் நான். மிஸ்டு கால் ஒன்றுகூட இல்லையே என்று அவள் அழுதபோது, டவர் இல்லாத இடத்தில் மிஸ்டு கால் காட்டாது கண்ணு என்று நான்தான் விளக்கினேன். அம்மா சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினாள். அதையும் அவரிடம் சொன்னேன்.

"ஒம்பது நாளு என்ற கையப் புடிச்சுக்கிட்டு அவ பேரைச் சொன்னீங்க. சௌந்தரம்னு ஒருக்காக்கூடக் கூப்பிடலைங். அந்தக் கோவம்ங். எட்டாம் நாளு, உடு, புள்ளைக்கு வேலை இருக்கும்னீங்க. அதையும் அவகிட்டச் சொல்லலைங்."

அவ்வளவுதான் பேசினேன். யாருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. ஆன்ட்டி மெரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேசி முடித்துத் தனியாக நின்றேன் அல்லவா, வழக்கப்படி நோரா எழுந்தாள். ஜெர்மன் பையன்கள் எழுந்தார்கள். பஸ்ஸே எழுந்தது. எனக்காகப் பாடினார்கள், பாதி வரி தப்பும் தவறுமாக. வீட்டுக்காரர்கள் பக்கமும் எழுந்து கூடப் பாடியது. ஹேமி எழுந்து, நல்ல கனத்த குரலில் என்னைப் பார்த்துப் பாடினான்.

மேகலா எழவில்லை. மெத்தையின் ஓரத்தில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, பாட்டு முடியும் வரை உட்கார்ந்திருந்தாள். ஹேமி பாடிக்கொண்டே அவள் தோளைத் தொட்டான். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, பாவம். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

பிறகு சுவரிலிருந்த அவரைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

ஆக்லாந்து வரை ஐந்து மணி நேரம் பஸ் ஓட்டினாள். மைக்கில் எல்லாம் சொன்னாள். இது எரிமலை, இது மாடு வளர்க்கிற ஊர், இங்கே பத்து நிமிஷம் நிற்போம். குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. நான் கடைசி சீட்டில் உட்கார்ந்து அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே வந்தேன். நோரா என் கையைப் பிடித்துக்கொண்டாள், அழகாகப் பேசினாய் என்றாள்.

பிப்ரவரி 16, வெள்ளி. விமானத்தில்

அவள் ஏர்போர்ட்டுக்கு வருவாள் என்று நினைக்கவில்லை. வந்தாள். ஹேமியின் காரில் என் பெட்டியை ஏற்றி, இறக்கி, தள்ளுவண்டியில் வைத்தாள். அவள் பெட்டி இல்லை. அவள் மலை வேலைக்குத் திரும்பக் கேட்டு எழுதியிருப்பதாக ஹேமிதான் சொன்னான். சந்தோஷமான சேதி என்று நினைத்துச் சொன்னான்.

உள்ளே போகிற இடத்தில் நின்றாள். நேற்றிலிருந்து முதல் தடவையாக என்னிடம் வாயைத் திறந்தாள்.

"உடுன்னு சொன்னப்ப, அப்பா கோவமாச் சொன்னாங்களா, சாதாரணமாவா?"

"சாதாரணமாத்தான் கண்ணு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க."

என் முகத்தையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. நம்பிவிட்டாள் என்று நினைத்தேன்.

"எனக்காவப் பொய் சொல்லாதம்மா" என்றாள். தள்ளுவண்டியை என் பக்கம் நகர்த்திவிட்டுப் போய்விட்டாள்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எட்டாம் நாள், காலை பத்தேகால் மணிக்கு, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடி, சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.